மூன்று சக்கரம் இருந்தால் விழமாட்டேனா?

லண்டன் ஹாரோவிலிருந்து எழுதும் வாசகிக்கு 54 வயது. இடது காதின் நரம்பில் இருந்த கட்டியைப் பதினான்கு மாதங்களுக்கு முன் அறுவை செய்து எடுத்திருக்கிறார்கள். கட்டியோடு அந்தக் காதின் கேட்கும் திறனும் சமநிலை உணர்வும் போய்விட்டன. உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரிவதில்லை. நடக்கையில் சட்டென்று திரும்பினால் தள்ளாடுகிறது, இருட்டில் இன்னும் மோசம். கார் ஓட்டுவதை அவராகவே நிறுத்திவிட்டார். வலது மூட்டில் தேய்மானம் வேறு. வேலை வெம்ப்ளிப் பக்கம், ஒரு வழிக்கு 7 கி.மீ., இரண்டு பஸ் மாற வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் லுமாலா சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர். இரண்டு சக்கரம் இனி முடியாது என்று தெரிந்ததும் ரிக்கம்பன்ட் ட்ரைக், அதாவது சாய்ந்து உட்கார்ந்து காலை முன்னால் நீட்டி மிதிக்கும் மூன்று சக்கர சைக்கிள், மீது ஆசை வந்திருக்கிறது. தனியார் ஒருவர் 1,100 பவுண்டுக்கு விற்கும் பழைய ட்ரைக்குக் கணவர் 100 பவுண்டு முன்பணமும் கொடுத்துவிட்டார். விற்பவர் ஆறடி உயரம், வாசகி ஐந்தடி இரண்டங்குலம். வண்டியில் 750 வாட் மோட்டார் பூட்டியிருக்கிறது. கட்டைவிரலால் அழுத்தினால் மிதிக்காமலே ஓடும். விளம்பரத்தில் “ரோட்டில் ஓட்டலாம், லைசென்ஸ் தேவையில்லை” என்று இருந்ததாம். “மூன்று சக்கரம் இருந்தால் கவிழாது, உடல்நலக் காரணம் சொன்னால் விற்பனை வரி (VAT) முழுக்கக் கழியும் என்று கணவர் சொல்கிறார். வாங்கலாமா? எனக்கு ஏற்றபடி என்னென்ன மாற்ற வேண்டும்?” என்பது கேள்வி.

பதில்: மறுவாழ்வு சிகிச்சை ஆலோசகர்

சகோதரி, உங்கள் நிலைக்கு ட்ரைக் பொருத்தமான யோசனைதான். அந்த 1,100 பவுண்டு வண்டி வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதலில் உடல். உங்கள் கடிதப்படி உங்களுக்கு இருப்பது நிலையான சமநிலைக் குறைவு. முன்னறிவிப்பில்லாமல் உலகமே சுழன்று ஆளைக் கீழே தள்ளும் மயக்கம் வேறு வகை. நிலையான குறைவுக்கு ட்ரைக் நேரடித் தீர்வு: நின்றாலும் ஊர்ந்தாலும் விழாது, இருட்டிலும் உடல் தரையைத் தேட வேண்டியதில்லை. திடீர் சுழற்சி வருகிறவர்களை எத்தனை சக்கரமும் காப்பாற்றாது. அப்படி ஒருமுறை வந்திருந்தால்கூட, பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ சமநிலைப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்டிடமோ பேசிவிடுங்கள். மேடுபள்ளத்தில் நடக்கும்போது எதிரில் இருக்கும் எழுத்துப் பலகை குதிப்பதுபோல் தெரிகிறதா என்றும் கவனியுங்கள். அப்படித் தெரிந்தால் அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன் உள்ள மாடலாகவே பார்க்க வேண்டும்.

கவிழாது என்பது பாதிதான் உண்மை. ட்ரைக் நிற்கும்போது விழாது, திருப்பத்தில் கவிழும். இரண்டு சக்கர சைக்கிள் வளைவில் தானாக உள்பக்கம் சாய்ந்து கொடுக்கும். ட்ரைக் சாயாது, எடை முழுவதும் வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் போய் விழும். இருக்கை உயர உயர, சக்கர இடைவெளி குறையக் குறைய, இது சீக்கிரம் நடக்கும். தெருமுனையை 20 கி.மீ. வேகத்தில் ஒடித்துத் திரும்பினால் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழலாம். பழக்கம் இதுதான்: பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடித்து முடித்துவிட வேண்டும், வளைவுக்குள் உடலை உள்பக்கம் சாய்த்துக்கொள்ள வேண்டும். இறக்கத்தின் முடிவில் ரவுண்டபவுட் வரும் இடங்களில் இரட்டைக் கவனம் தேவை.

முன்னால் இரண்டா, பின்னால் இரண்டா

முச்சக்கர வண்டி என்றதும் நம்மவர்களுக்கு ஊர் ஓட்டோ நினைவுக்கு வரும்: முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. ட்ரைக்கில் இந்த அமைப்புக்கு டெல்டா என்று பெயர். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்றால் டாட்போல், அதாவது தலைப்பிரட்டை. டாட்போலில் பிரேக்கும் ஸ்டியரிங்கும் அகலமான முன்பக்கத்தில் இருப்பதால் வளைவிலும் வேகத்திலும் அது உறுதி. டெல்டாவில் ஏறி இறங்குவது சுலபம், குறுகிய இடத்தில் திரும்பும். இறக்கத்தில் வேகமாகத் திருப்பினால் டாட்போலை விடச் சீக்கிரம் தடுமாறும். கார்ன்வாலில் ஃபால்மத் ஊரில் செய்யப்படும் ஐசிஇ வண்டிகள் டாட்போல். ஜெர்மனியின் ஹாசே கம்பெனியின் கெட்வீசல், லேபுஸ் இரண்டும் டெல்டா. லேபுஸில் இருக்கை இன்னும் உயரம். ஜெர்மனியின் எச்பி வெலோடெக்னிக், ஸ்கார்ப்பியன் பிளஸ் என்ற பெயரில் உயர இருக்கை வைத்த டாட்போல் செய்கிறது. 7 கி.மீ. தூரத்தையும் உங்கள் மூட்டையும் சேர்த்துப் பார்த்தால், இந்தக் கடைசி வகையையும் லேபுஸ் வகையையும்தான் முதலில் உட்கார்ந்து பார்க்கச் சொல்வேன்.

ஏன் உயர இருக்கை? உங்களுக்கு ஓட்டுவது சிரமமாக இராது, எழுந்திருப்பதுதான் சிரமம். விற்பவர் அதைச் சொல்லமாட்டார். விளையாட்டு வகை ட்ரைக்குகளில் இருக்கை தரையிலிருந்து 20 முதல் 30 செ.மீ. உயரத்தில்தான் இருக்கும். இன்று மாலை வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். மாடிப்படியின் முதல் படியில் உட்காருங்கள். இந்நாட்டு வீடுகளில் அது சுமார் 20 செ.மீ. உயரம், உங்கள் வீட்டில் எவ்வளவு என்று டேப் வைத்துப் பாருங்கள். கைப்பிடியையோ சுவரையோ தொடாமல் எழுந்திருங்கள். பிறகு இரண்டாம் படி. அங்கிருந்து பத்து முறை தொடர்ந்து எழ முடிந்தால் 40 செ.மீ. இருக்கை போதும். ஐந்தாவது முறையே மூட்டு முனகினால் 50 செ.மீ. பக்கம் போக வேண்டும். உயரம் கூடினால் வளைவில் உறுதி குறையும் என்று மேலே சொன்னேன். அந்த விலையை நீங்கள் கொடுத்துத்தான் ஆக வேண்டும், வேகத்தைக் குறைத்து ஈடுகட்டலாம்.

ஏறும் முறையையும் பழகிக்கொள்ளுங்கள். டாட்போலில் முதலில் பார்க்கிங் பிரேக்கைப் பூட்டுங்கள். இருக்கைக்கு முன்னால், வண்டிக்கு முதுகு காட்டி, நடுக்குழாயின் இருபுறமும் காலை வைத்து நில்லுங்கள். எழ உதவும் கைப்பிடிகளைப் பிடித்து மெதுவாக உட்காருங்கள். இந்தக் கைப்பிடிகள் தனியாக விற்கப்படும் பொருள். உங்களுக்கு அவை கட்டாயம். பார்க்கிங் பிரேக் இல்லாத ட்ரைக்கில் உட்காரப் போனால் வண்டி பின்னால் நழுவும், நீங்கள் தரையில் இருப்பீர்கள்.

உங்கள் உடலுக்கு ஏற்ற மாற்றங்கள்

சுவரில் முதுகு ஒட்ட, காலை நேராக நீட்டித் தரையில் உட்காருங்கள். சுவரிலிருந்து உள்ளங்கால் வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது உங்கள் உயரத்தை விட இந்த அளவுதான் வேலைக்கு உதவும். ட்ரைக்கில் மிதிகட்டை இருக்கும் முன்குழாயை உள்ளே வெளியே நகர்த்தலாம், அதற்கு எல்லை உண்டு. ஆறடி ஆளுக்கு வைத்த குழாய் முழுக்க உள்ளே தள்ளிய பிறகும் உங்கள் கால் எட்டாமல் போகலாம். எட்டினாலும் செயின் தொளதொளக்கும்: குழாயை 2.5 செ.மீ. உள்ளே தள்ளினால் செயினில் 5 செ.மீ. கழிக்க வேண்டும், அதாவது நான்கு கண்ணி. ட்ரைக் செயின் சாதாரண சைக்கிளைப் போல இரண்டரை, மூன்று மடங்கு நீளம். பழைய வண்டியில் அது தேய்ந்திருந்தால் புதிது ஒன்றல்ல, மூன்று வாங்கி இணைக்க வேண்டியிருக்கும்.

குழாயின் நீளத்தை இப்படிச் சரிபாருங்கள்: மிதிகட்டை உங்களுக்கு மிகத் தூரத்தில் இருக்கும்போது அதன் மேல் குதிகாலை வைத்தால் முழங்கால் நேராக வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்தால் லேசாக மடிந்திருக்கும். ஓட்டிய பிறகு முழங்காலின் முன்பக்கம் வலித்தால் மிதி மிகப் பக்கம்; பின்பக்கம் இழுத்தால் மிகத் தூரம். ஒரு நேரத்தில் 5 மி.மீ. மட்டும் நகர்த்தி, இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து, மறுபடி நகர்த்துங்கள்.

மூட்டுக்காக முதலில் மாற்ற வேண்டியது மிதிகட்டைக் கை, அதாவது கிராங்க். பெரும்பாலும் 170 மி.மீ. வருகிறது. 152 மி.மீ.க்கு இறங்கினால் கால் சுற்றும் வட்டத்தின் விட்டம் 36 மி.மீ. குறையும், முழங்கால் அவ்வளவு மடங்காது. கூடவே கியரைச் சிறிதாக வைத்து வேகமாகச் சுற்றப் பழகுங்கள். சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்து நின்று மிதிக்க முடியாது. பெரிய கியரில் முக்கி மிதித்தால் அந்தப் பாரம் முழுவதும் மூட்டுக்கே போகும்.

அடுத்தது கால் நழுவுதல். இதைப் பலர் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். சாய்வு வண்டியில் ஓடும்போது பாதம் மிதியிலிருந்து நழுவித் தரையைத் தொட்டால், வண்டி முன்னே போக, கால் இருக்கைக்கு அடியில் இழுபடும். கணுக்காலும் முழங்காலும் ஒடியும். குதிகாலைத் தாங்கும் பட்டையோ, ஷூவைப் பூட்டும் மிதியோ முதல் நாளிலிருந்தே வேண்டும். பூட்டி எடுக்கத் தயக்கமாக இருந்தால் பட்டையே போதும்.

கியருக்கு, பின்சக்கர அச்சுக்குள்ளேயே கியர் இருக்கும் ஹப் வகை கேளுங்கள், ஷிமானோ ஆல்ஃபைன் 8 போன்றது. சிக்னலில் நின்றபடியே கியர் குறைக்கலாம். செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் தள்ளும், வெளியே தொங்கும் டிரெய்லியர் கியரில் நிற்கும்முன் குறைக்க மறந்துவிட்டால், பச்சை விழுந்ததும் கனமான கியரில் சிக்கிக்கொள்வீர்கள். 20 அங்குலச் சக்கரத்தில் அந்தக் கருவி தரைக்கு மிக அருகில் தொங்கி இலைதழைகளையும் அள்ளும்.

பின்னால் வருவதைக் காட்டும் பக்கக் கண்ணாடி இரண்டும் கட்டாயம். உங்களுக்கு இது மற்றவர்களை விட முக்கியம்: ஒரு காது மட்டும் கேட்டால் சத்தம் வருவது தெரியும், எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியாது. தலையைச் சட்டென்று திருப்பினாலும் தள்ளாட்டம் வரும். இடது, வலது கண்ணாடியைத் தலையசைக்காமல் கண்ணை மட்டும் நகர்த்திப் பார்க்கும்படி வையுங்கள். தலைத்தாங்கி வைக்கிறீர்கள் என்றால் கழுத்தின் அடியைத் தாங்குவதாக இருக்கட்டும். காதுக்குப் பின்னால் இருக்கும் தழும்பை அழுத்தக் கூடாது. ரோட்டின் அதிர்வை மண்டைக்கு ஏற்றினால் பார்வையும் கலங்கும்.

முன்சக்கரங்களுக்கு மட்கார்ட் இல்லாமல் ஓட்டாதீர்கள். சக்கரம் உங்கள் முழங்கைக்குப் பக்கத்தில் சுழல்கிறது: துப்பட்டா, சால்வை, கோட்டின் நுனி எல்லாம் ஒரு நொடியில் உள்ளே போகும். அரிசி, காய்கறியை இருக்கையின் இருபுறமும் தாழ்வாகத் தொங்கும் பைகளில் பிரித்து வையுங்கள். 10 கிலோ அரிசி மூட்டையைப் பின்கேரியரில் உயர்த்திக் கட்டினால் வண்டி வளைவில் கவிழப் பார்க்கும்.

ரோட்டில் தெரியுமா

தாழ்வாக இருந்தால் யாருக்கும் தெரியாது என்ற பயம் பாதி சரி. நேர் ரோட்டில் விசித்திர வண்டி என்பதாலேயே பலர் ஒதுங்கிப் போவார்கள். 2022 ஜனவரியில் திருத்திய நெடுஞ்சாலை விதிநூலும் 30 மைல் வேகம் வரை சைக்கிளைத் தாண்டும்போது குறைந்தது 1.5 மீட்டர் விடச் சொல்கிறது. ஆபத்து வேறு இடங்களில்: லாரியின் பக்கவாட்டில், நிறுத்திவைத்த கார்களுக்கு நடுவே, வேலி மறைக்கும் சந்துகளில். உங்கள் கண்ணுக்கு ஒரு மீட்டருக்கு மேல் முன்னால் உங்கள் பாதம் இருக்கிறது. சந்திலிருந்து எட்டிப் பார்க்கும்போது நீங்கள் ரோட்டைப் பார்ப்பதற்கு முன்பே உங்கள் கால் ரோட்டுக்குள் போய்விடும். அங்கெல்லாம் நின்று, அங்குல அங்குலமாக முன்னேறுங்கள். தலை உயரத்துக்கு மேல் அசையும் கொடி ஒன்றும், இருக்கையின் மேல்முனையில் சிவப்பு விளக்கு ஒன்றும் வையுங்கள். இரவில் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கும் சிவப்புப் பிரதிபலிப்பானும் சட்டப்படி வேண்டும்.

சைக்கிள் பாதைகளில் அகலம் ஒரு தொல்லை. அரசின் 2020 சைக்கிள் பாதை வழிகாட்டி 1.2 மீட்டர் அகலம், 2.8 மீட்டர் நீளமுள்ள வண்டியும் போகும்படி அமைக்கச் சொல்கிறது, பழைய தடுப்புகள் இன்னும் பல இடங்களில் நிற்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியை டேப்போடு நடந்து பார்த்துவிடுங்கள்.

மோட்டார்: உங்கள் கணவரிடம் காட்டுங்கள்

பிரிட்டனில் மின்உதவி சைக்கிளைச் சாதாரண சைக்கிளாகக் கருத வேண்டுமென்றால் மோட்டாரின் தொடர்திறன் 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும், 15.5 மைல் வேகத்தில் உதவி நின்றுவிட வேண்டும். மிதிக்காமல் கட்டைவிரலால் ஓட்டுவது நடைவேகம், 6 கி.மீ., வரைதான், அதற்கு மேல் போனால் அந்த வண்டிக்குத் தனியாக அதிகாரப்பூர்வ வகை ஒப்புதல் (type approval) வேண்டும். 750 வாட் மோட்டார் பூட்டிய அந்த ட்ரைக் சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனம். பதிவும் இன்ஷூரன்ஸும் உரிமமும் கேட்கும். “ரோட்டில் மெதுவாகத்தான் போவேன்” என்பது பதிலாகாது. இன்ஷூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் 300 பவுண்டு அபராதம், லைசென்ஸில் ஆறு தண்டனைப் புள்ளிகள். வண்டியையும் பறிமுதல் செய்யலாம். கார் ஓட்டாவிட்டாலும் லைசென்ஸ் உங்கள் கையில் இருக்கிறது, புள்ளிகள் அதன் மேல்தான் ஏறும். விபத்து நடந்தால் நிலைமை இன்னும் சிக்கல்.

ஹாரோ மேட்டுக்கும் உங்கள் மூட்டுக்கும் மோட்டார் தேவைதான். கடையிலேயே பொருத்தி வரும் 250 வாட் வகையாக எடுங்கள். மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்தால் வண்டி 30 கிலோவைத் தொடும், தூக்கிச் சாய்த்து வாசலுக்குள் கொண்டுபோக உங்களால் முடியாது. வாசல் கதவு பொதுவாக 838 மி.மீ.; திறந்து நின்றால் கதவின் கனம் போக மிஞ்சும் இடைவெளி அதைவிடக் குறைவு. ட்ரைக் அகலம் 75 முதல் 85 செ.மீ. அளந்துவிட்டு முடிவெடுங்கள். வீட்டுக்கு முன்னால் கொட்டகை போட எண்ணினால் இங்கிலாந்தில் அதற்குத் திட்ட அனுமதி வேண்டும். பின்தோட்டத்துக்கு வழி இருந்தால் அது சுலபம். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் சார்ஜ் செய்யும்போது வாசலுக்குப் போகும் வழியில் வைக்காதீர்கள், தூங்கும்போது சார்ஜில் விடாதீர்கள். தீப்பிடித்தால் வெளியேறும் வழியே அடைபடும்.

வரி, உதவி

உடல்நலக் காரணம் சொன்னால் மொத்த வரியும் கழியும் என்பது சரியல்ல. மாற்றுத்திறனாளிகளுக்காக மட்டுமே வடிவமைத்த பொருளுக்குத்தான் முழு விலக்கு. எல்லாரும் வாங்கும் ட்ரைக்கின் விலைக்கு அது தானாகப் பொருந்தாது. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ப அதை மாற்றியமைக்கும் வேலைக்குப் பொருந்த வாய்ப்புண்டு. வாங்குவதற்கு முன்பே கடையில் பில்லைப் பிரித்துக் கேளுங்கள், உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திடுங்கள். உங்கள் நிறுவனத்தில் சைக்கிள் டு வர்க் திட்டம் இருந்தால் சம்பளத்திலிருந்து வரிக்கு முன் கழித்து வாங்கலாம். மூன்று சக்கரமும் இதில் அடங்கும். 1,000 பவுண்டு வரம்பு எல்லா இடத்திலும் கட்டாயமில்லை, மனிதவளப் பிரிவிடம் கேளுங்கள். வேலைக்குப் போய்வரும் செலவுக்கு அரசின் ஆக்செஸ் டு வர்க் உதவிக்கும் விண்ணப்பியுங்கள். வாங்கிவிட்டு விண்ணப்பிப்பதை விட முன்பே விண்ணப்பிப்பது நல்லது.

வாங்குவதற்கு முன் இரண்டு மூன்று வகைகளையாவது ஓட்டிப் பாருங்கள். தெற்கு லண்டனில் வீல்ஸ் ஃபார் வெல்பீயிங் என்ற தொண்டு நிறுவனம் மாற்றுத்திறனாளிகளுக்குப் பலவகை சைக்கிள்களைப் பழக்கிவருகிறது. போன் செய்து அமர்வு நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். அரைமணி நேரம் ஓட்டி, ஐந்து முறை ஏறி இறங்கி, மறுநாள் காலை மூட்டு எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

பழைய டாட்போலையே எடுப்பதானால் இதைச் சோதியுங்கள். ஆள் உட்கார்ந்திருக்க, இரு முன்சக்கரங்களுக்கும் நடுவே அச்சு உயரத்தில் ரிம்முக்கு ரிம் அளவெடுங்கள்: ஒன்று முன்பக்கம், ஒன்று பின்பக்கம். முன்னளவு பின்னளவுக்குச் சமமாகவோ 2 மி.மீ. வரை குறைவாகவோ இருக்கலாம். அதற்கு மேல் வித்தியாசம் என்றால் சக்கரங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி டயரை அராவித் தின்னும். சில நூறு கிலோமீட்டரில் நூல் தெரியும். திருத்துவது ஸ்டியரிங் கம்பியின் திருகைச் சுற்றும் சின்ன வேலைதான். முன் டயர்கள் சீராகத் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்த்தாலே விற்பவர் எப்படி வைத்திருந்தார் என்று தெரிந்துவிடும். மூன்று சக்கரம் மூன்று தடத்தில் போவதால் கண்ணாடித் துண்டுகளும் அதிகம் குத்தும். மாரத்தான் பிளஸ் போன்ற கனத்த டயர் போடுங்கள். ஆறுதல் ஒன்று: முன்சக்கரம் ஒருபக்க அச்சில் நிற்பதால் அதைக் கழற்றாமலே டியூப் மாற்றலாம்.

முன்பணத்துக்கு வருகிறேன். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் வியாபாரியிடம் வாங்கியதற்குத்தான் முழுமையாகப் பாதுகாப்புத் தரும். தனியாளிடம் வாங்கும்போது பொருளின் தரம் உங்கள் பொறுப்பு. ஆனால் அவர் சொன்ன விவரம் உண்மையாக இருக்க வேண்டும். “லைசென்ஸ் தேவையில்லை” என்று எழுதி விற்றது உண்மையல்லாத விவரம், அதை நம்பித்தான் பணம் கொடுத்தீர்கள். விளம்பரத்தை அழிப்பதற்குள் படம் பிடித்து வையுங்கள். மோட்டார் தகட்டில் உள்ள 750 வாட் எண்ணையும் படம் எடுங்கள். பிறகு கணவர் பெயரில் எழுத்தில் ஒரு செய்தி அனுப்புங்கள்: வண்டி விளம்பரத்தில் சொன்னபடி இல்லை, ஆகவே வாங்கவில்லை, 100 பவுண்டைப் பதினான்கு நாளுக்குள் திருப்பித் தரவும். போனில் வாக்குவாதம் வேண்டாம்.